உபரி என்றதும் கைதட்டாதீர்கள்

ஆறு வருடமாக ஒரு சின்ன நாடகக் குழுவுக்குப் பொருளாளராக இருக்கிறேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுகிற வேலை அது. அன்றைக்கு நான் போகவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை ஆண்டுக் கூட்டம். போட்ட நாடகங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், அடுத்து எதைப் போடலாம் என்று இன்னொரு மணி நேரம் சண்டை போடுவார்கள், எல்லோரும் பையைத் தோளில் மாட்டுகிற நேரத்தில் "சரி, பொருளாளர் கணக்கை வாசிச்சிடுங்க" என்பார் தலைவர். நான் எழுந்து வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு என்பேன். மீதி இருந்தால் கைதட்டுவார்கள். பற்றாக்குறை என்றால் என்னைப் பார்ப்பார்கள், ஏதோ நான்தான் எடுத்துக்கொண்டு போன மாதிரி. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனக்கு அந்தப் பார்வையை விடக் கைதட்டல்தான் பயம். காரணம் சொல்கிறேன்.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் வருடம், ஆண்டு முடிவில் வங்கியில் நல்ல இருப்பு. புரிவதற்காக அதை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வாசித்தேன், அரங்கமே அதிர்ந்தது (அரங்கம் என்றால் பத்தொன்பது பேர்). உடனே ஒருவர் எழுந்து, இவ்வளவு நாள் வாடகை விளக்கை வைத்தே ஓட்டுகிறோம், சொந்தமாக வாங்கிவிடலாம் என்றார். வாங்கினோம், 30-க்கு. எனக்கும் ஆசைதான், மறுக்கவில்லை.

அந்த 100-ஐ அன்றைக்கு நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அதில் 55 சிறுவர் பயிற்சிப் பட்டறைக்கென்று ஒரு அறக்கட்டளை தந்த மானியம், பட்டறை நடக்கப்போவது அடுத்த வருடம். 20 அடுத்த பருவ நடிப்பு வகுப்புக்குப் பெற்றோர் முன்கூட்டியே கட்டிய கட்டணம், இன்னும் ஒரு வகுப்பு கூட எடுக்கவில்லை. 10 ஒலி ஒளி செய்தவருக்கும் அச்சகத்துக்கும் பாக்கி, பில் வரவில்லை என்பதால் நாங்கள் மறந்திருந்தோம். கூட்டினால் 85. எங்களுடையது என்று சொல்லக்கூடியது 15. குழு ஒரு மாதம் சும்மா உயிரோடு இருக்கவே 8 ஆகும். ஆக இரண்டு மாதம் கூடத் தாங்காத பணத்தை வைத்துக்கொண்டு 30-க்கு விளக்கு வாங்கியிருக்கிறோம், மீதிப் பாதி அந்தப் பட்டறைப் பிள்ளைகளின் பணம்.

பட்டறை மாதம் வந்தபோது பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லை. செயற்குழுவில் ஒருவர் கடன் கொடுத்துத்தான் மானம் தப்பியது. மானியம் கொடுத்தவர்கள் செலவுக் கணக்கு கேட்டார்கள், அந்த இரண்டு வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. யாரும் திருடவில்லை, ஒரு ரசீது கூடக் காணாமல் போகவில்லை, தணிக்கையாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனாலும் தப்பு நடந்தது. வந்த பணத்தை வரவு என்றும் போன பணத்தை செலவு என்றும் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது நடந்தே தீரும். ஒவ்வொரு தொகையையும் எங்கிருந்து வந்தது, எதற்குப் போனது என்று இரண்டு இடத்தில் எழுதுகிற இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை விளக்கி லூகா பச்சோலி என்ற இத்தாலியக் கணித அறிஞர் 1494-லேயே வெனிஸில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார், எங்கள் குழுவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது நான் வாசிக்கும் அறிக்கையில் மொத்த இருப்பைக் கடைசியில்தான் சொல்கிறேன். முதலில், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று கட்டிவைத்த பணம். அடுத்தது, வாங்கிவிட்டு இன்னும் வேலை செய்து கொடுக்காத பணம். அப்புறம் கொடுக்க வேண்டியது. இதெல்லாம் போக மிச்சம் எத்தனை மாதம், எத்தனை வாரத்துக்கு வரும் என்பதைக் காலக் கணக்கிலேயே சொல்கிறேன். தொகையாகச் சொன்னால் அடுத்த நாடகத்துக்கு செட் போடலாமா என்று கேட்கிறார்கள். "ஏழு வாரம்" என்று சொன்னால் ஒருவரும் கைதட்டுவதில்லை.

மானியம் வருகிற விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் நினைப்பது போல அது முழுதாக முன்னாலேயே வந்துவிடுவதில்லை. பாதி முதலில் வரும், இன்னொரு பகுதி நடுவில், கடைசித் தவணை நிகழ்ச்சி முடிந்து, அறிக்கை எழுதி, படம் ஒட்டி, வவுச்சர் எல்லாம் அனுப்பிய பிறகு. நடிகருக்கும் அரங்கத்துக்கும் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். இடையில் இருக்கிற நான்கைந்து மாதத்தை யார் பணத்தில் தாண்டுவது? வருட முடிவில் லாபம் காட்டுகிற குழு கூட வருட நடுவில் மூச்சு முட்டி விழலாம். ஆண்டுக் கணக்கு மார்ச் மாதமோ டிசம்பர் மாதமோ ஒரே ஒரு நாளில் எடுத்த புகைப்படம் மாதிரி, அதில் அந்த நடு மாதங்கள் தெரியாது.

சரி, இது வரை சொன்னது கணக்கு தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். என் உண்மையான வயிற்றெரிச்சல் வேறு. செலவுப் பட்டியலில் இல்லாத செலவு.

எங்கள் குழுவில் உடை தைக்கிற ஒரு அக்கா இருக்கிறார். ஒவ்வொரு நாடகத்துக்கும் துணி எடுப்பது, அளவு எடுப்பது, தைப்பது, காட்சிக்குப் பிறகு துவைத்து மடித்து வைப்பது வரை அவர்தான். எங்கள் கணக்கில் "உடை" என்ற தலைப்பில் துணிக்கும் நூலுக்கும் ஆன பணம் மட்டும் இருக்கும். ஒத்திகை பல வருடம் ஒரு உறுப்பினர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நடந்தது, அதற்கு வாடகை பூஜ்யம். சுவரொட்டி வரைகிறவர் இலவசம், வண்டி ஓட்டுகிறவர் இலவசம், நானும் இலவசம். வருடா வருடம் "குறைந்த செலவில் நடத்துகிற குழு" என்று எங்களைப் பாராட்டுவார்கள், நாங்களும் பெருமையாக மானிய விண்ணப்பத்தில் எழுதுவோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு அக்காவுக்குக் கை வலி வந்து ஒரு நாடகத்துக்குத் தைக்க முடியவில்லை. அதே வருடம் கொட்டகை வீட்டுக்காரர் வீட்டை விற்றார். தையலுக்கு வெளியே கொடுத்தோம், ஒத்திகைக்கு வாடகை இடம் பார்த்தோம், நாடகத்தின் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "என்னங்க திடீர்னு இவ்வளவு செலவு ஏறிடுச்சு?" ஏறவே இல்லை. முன்பும் அதே செலவுதான், இரண்டு பேர் தங்கள் உடம்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நாம் அதை எழுதவில்லை.

கணக்கு விதிகளே இதில் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் தொண்டு அமைப்புகளுக்கான விதி, பொதுவான தன்னார்வ உழைப்பைத் தொகையாக வரவில் காட்டக் கூடாது, அறிக்கையில் விளக்கமாகச் சொல்லலாம் என்கிறது. அமெரிக்காவில், சிறப்புத் திறமை தேவைப்படுகிற, இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டிய சேவை என்றால் மதிப்புப் போட்டு வரவிலும் செலவிலும் எழுத வேண்டும். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் என் வாதம் விதியைப் பற்றியதே இல்லை. தணிக்கைக்குப் போகிற தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உறுப்பினர்கள் பார்க்கிற தாளில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருட பட்ஜெட்டை நாம் பொய்யின் மீது போடுகிறோம்.

டிக்கெட் விலையை ஏற்றினால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: 1966-ல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் நிகழ்த்துகலைகளின் கணக்கை அலசி ஒன்று சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் ஒரே ஆள் பத்து ஆள் வேலை செய்கிறார், கூலி ஏறினாலும் பொருளின் அடக்கவிலை ஏறுவதில்லை. மேடைக்கு அந்த வசதி கிடையாது. இதற்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம் நால்வர் இசை: பீத்தோவன் காலத்தில் அந்த இசையை வாசிக்க நான்கு பேர் வேண்டும், இன்றைக்கும் நான்கு பேர்தான் வேண்டும், வேகமாக வாசித்து நேரத்தையும் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் அந்த நான்கு பேரின் வீட்டு வாடகை மற்ற எல்லோருடையதையும் போலவே ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே வருவாய்க்கும் செலவுக்கும் நடுவே உள்ள பள்ளம் தானாகவே பெரிதாகும், நிர்வாகம் மோசம் என்பதால் மட்டும் இல்லை. பெரிய அமைப்புகள் அந்தப் பள்ளத்தை மானியத்தாலும் நன்கொடையாலும் நிரப்புகின்றன. சின்னக் குழுக்கள் அக்காவின் கையால் நிரப்புகின்றன.

எங்கள் கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு நாடகத்தின் செலவில் பெரும்பகுதி முதல் காட்சிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. நாற்பது நாள் ஒத்திகை, செட், உடை, எல்லாம் செய்துவிட்டு மூன்று காட்சியோடு மூட்டை கட்டுகிறோம். நான்காவது, ஐந்தாவது காட்சிக்கு ஆகிற கூடுதல் செலவு கொஞ்சம்தான். வருடத்துக்கு மூன்று புது நாடகம் என்ற பெருமையை விட்டுவிட்டு ஒன்றையே பதினைந்து தடவை போடலாம் என்று நான் சொன்னால் இயக்குநர்கள் என்னோடு பேசுவதில்லை. போகட்டும்.

இந்த நிர்வாகச் செலவு விஷயமும் இருக்கிறதே. "நாங்கள் தருகிற பணம் முழுதும் நிகழ்ச்சிக்கே போக வேண்டும், நிர்வாகத்துக்குப் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்கிற நன்கொடையாளர்களை வருடா வருடம் பார்க்கிறேன். கணக்கு எழுத ஆகிற செலவைத் தராமல் கணக்கு மட்டும் கேட்கிறார்கள். காப்பீடு, தணிக்கைக் கட்டணம், மின்சாரம் இல்லாமல் எந்த நிகழ்ச்சி நடக்கும்? அவர்களைத் திருப்திப்படுத்த நாங்கள் நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுகிறோம், குறைவான தொகையைப் பார்த்து அவர்கள் அதுதான் நியாயம் என்று நினைத்து அடுத்த முறை இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். இந்தச் சுழலை 2009-லேயே அமெரிக்கக் கட்டுரை ஒன்று தொண்டு நிறுவனங்களின் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்து எழுதியது. 2013-ல் அங்கே தொண்டு அமைப்புகளை மதிப்பிடுகிற மூன்று நிறுவனங்களின் தலைவர்களே நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதி, நிர்வாகச் செலவு விகிதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கடிதம் எங்கள் நன்கொடையாளர்களுக்கு வரவில்லை போல.

சேமிப்பும் இதே கதைதான். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைத்திருங்கள் என்பது பொதுவான அறிவுரை. 2020-ல் அரங்கங்கள் மூடியபோது அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் ஒதுக்கி வைத்தால் "உங்களிடம்தான் பணம் இருக்கிறதே" என்று மானியக்காரர் கேட்கிறார், வைக்காவிட்டால் "நிலையான அமைப்பாகத் தெரியவில்லை" என்கிறார். எதற்காக வைத்திருக்கிறோம், எவ்வளவு வரை, எப்போது தொடுவோம் என்று ஒரு தாளில் எழுதிச் செயற்குழுவில் தீர்மானம் போட்டு வைத்தோம். அதன் பிறகு அந்தக் கேள்வி குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை.

அடுத்த வாரம் ஆண்டுக் கூட்டம். இந்த முறை அறிக்கையில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறேன், தலைப்பு "பணமாக வராதவை". யார் எத்தனை மணி நேரம், எந்த இடம் எத்தனை நாள், வெளியே வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும். கூட்டிப் பார்த்தால் நாங்கள் பணமாகச் செலவு செய்ததை விட அது அதிகம். சுற்றுக்கு அனுப்பிய அன்றைக்கே அக்கா கூப்பிட்டுவிட்டார்.

"என்னப்பா, என் பேரைப் போட்டிருக்கே, நான் கூலி கேக்கிற மாதிரி இருக்கு. எடுத்துடு."

எடுத்துவிடுகிறேன் அக்கா, மணி நேரம் மட்டும் இருக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அறுபதுன்னு போட்டிருக்கே. அது துவைச்சு மடிச்சதைச் சேர்க்காத கணக்கு. தொண்ணூறாவது வரும்."

பெயரை எடுத்துவிட்டேன், 60-ஐ 90 ஆக்கிவிட்டேன். கூட்டத்தில் இந்தப் பக்கத்தை முதலில் வாசிக்கலாம் என்று இருக்கிறேன், யாரும் பையை எடுப்பதற்கு முன்னால்.