படுக்க இடம் கேட்டால் மனை விலை குறைந்துவிடுமாம்

மனுவை எல்லோரும் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கும் யாராவது அனுப்பிவைத்திருப்பார்கள். மூடிக் கிடக்கிற மாநகராட்சி ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தில் வீடற்றோர் தங்கும் விடுதி வரவே கூடாது என்று எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் கொடுத்த மனுவைத்தான் சொல்கிறேன். கீழே எத்தனை கையெழுத்துகள்! குடிநீரில் சாக்கடை கலந்து வந்தபோது வீடு வீடாக நடந்தும் இதில் பாதிகூடச் சேரவில்லை.

பாதுகாப்பு, சுகாதாரம், அப்புறம் 'பகுதியின் மனை மதிப்பு'. காரணங்கள் இந்த வரிசையில் இருக்கின்றன. உண்மையான காரணத்தைக் கடைசியில் வைப்பதுதான் மனு எழுதும் முறை போலிருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதியது ஒரே ஒரு வரி: "அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல, வாடகை கொடுக்க முடியாத உழைப்பாளிகள்." அதற்கு வந்த பதில்களை இங்கே அப்படியே தருகிறேன். முதலாமவர்: "அவ்வளவு அக்கறை இருந்தால் உங்கள் வீட்டு வராந்தாவில் படுக்க வையுங்கள்." அடுத்தவர்: "அவருக்கே சொந்த வீடு கிடையாது, வராந்தாவுக்கு எங்கே போவார்?" அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். பிறகு சங்கப் பொறுப்பாளர் ஒருவர், மிகவும் மரியாதையாக: "மேடம், வாடகைக்கு இருப்பவர்கள் சங்க விஷயங்களில் தலையிடாமல் இருப்பது நல்லது. சொந்த வீட்டுக்காரர்களின் கஷ்டம் உங்களுக்குப் புரியாது."

சங்கத்துக்கு மாதச் சந்தா வாங்க வரும்போது மட்டும் நான் வாடகைக்கு இருப்பவள் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சரி, குழுவில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன். திரும்பவும் அதே வரிதான். தெருவில் படுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் வேலை செய்கிறவர்கள். இந்த மதுரையில் அவர்கள் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு அறைகூடக் கிடைக்காது. பிரச்சினை வாடகையில் இருக்கிறது, நீங்கள் அவர்களுடைய ஒழுக்கத்தில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மெஸ் இருக்கிறது. அதன் பின்வாசலில் வெங்காயம் உரிக்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மாசி வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில், நம் ஊர்ப் பழைய வளவுகளில் ஒன்றில், அதாவது ஒரே வாசலுக்குள் பல குடும்பங்கள் அடுத்தடுத்து இருக்கும் வீட்டில், ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தவர். வாசலில் ஒரு குழாய், எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு கழிப்பறை. உரிமையாளர் இறந்ததும் பிள்ளைகள் பாகம் பிரித்து இடத்தை விற்றுவிட்டார்கள். வளவு இடிந்தது; இப்போது அங்கே லாட்ஜ் நிற்கிறது. அங்கே இருந்த குடும்பங்களில் வசதி இருந்தவர்கள் விளாங்குடிக்கும் திருநகருக்கும் அப்பால் போனார்கள். இந்த அக்காவுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வேலை. நான்கு மணிக்கு எந்த பஸ் வரும்? அதனால் மெஸ்ஸுக்குப் பக்கத்துக் கடையின் படியில் படுக்கிறார்.

வீடில்லாமல் இருப்பதற்கு ஆகும் செலவை அவர்தான் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கட்டணக் கழிப்பறைக்குக் காசு. குளிப்பதற்குத் தனிக் காசு. துணிப்பையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பெட்டிக்கடைக்கு ஒரு காசு. செல்போன் சார்ஜ் போட ஒரு காசு. சமைக்க அடுப்பு இல்லாததால் இரவுச் சாப்பாடு கடையில்தான். அன்றாடம் கைக்கு வரும் முந்நூற்றைம்பது ரூபாயில் எல்லாம் போக மிஞ்சுவதில் அட்வான்ஸ் சேர்க்க வேண்டும். ஆதார் அட்டையைப் பாலித்தீன் உறையில் போட்டு, ஊக்கால் உள்பாவாடை மடிப்பில் குத்திவைத்திருக்கிறார். அதில் இன்னும் இடிந்துபோன வளவின் கதவு எண்தான் இருக்கிறது. புது முகவரிக்கு மாற்றலாமே என்று நான் கேட்டதற்கு, "எந்த முகவரிக்கு மாற்றட்டும் தங்கச்சி?" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது.

இவர்தான் நம் பகுதியின் பாதுகாப்புக்கு ஆபத்தாம்.

எதிர்ப்புகளுக்கு வருகிறேன். முதலில் நியாயமானது. "பெண் பிள்ளைகள் நடமாடும் தெரு" என்று நான்கைந்து பேர் சொன்னீர்கள். நானும் பெண்ணைப் பெற்றவள்தான், அந்தத் தெரு வழியாகத்தான் அவள் டியூஷன் முடிந்து வருகிறாள். இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பூட்டிக் கிடக்கும் இருட்டுக் கட்டடத்தைவிட விளக்கு எரிகிற, காவலாளி இருக்கிற, பெயர் எழுதிக்கொண்டு ஆள் அனுமதிக்கிற கட்டடம் ஆபத்தானது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இப்போது அந்தப் பள்ளிச் சுவருக்குள் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனி விடுதி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். பயந்தவர்கள், "பெண்களுக்கான விடுதியாக வையுங்கள்" என்று மனு கொடுத்திருக்கலாமே. அப்படி ஒரு வரிகூட இல்லை.

அடுத்து, குடிக்கிறார்களாம். நம் தெரு மாடி வீடுகளில் யாரும் குடிப்பதில்லை என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன். திங்கட்கிழமை காலையில் தூய்மைப் பணியாளர்கள் அள்ளிக்கொண்டு போகும் பாட்டில்கள் எல்லாம் பினாயில் பாட்டில்கள்.

"சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்றார் ஒருவர். ஐயா, அந்த அக்காவுக்குச் சொந்த ஊரே மதுரைதான். நீங்கள்தான் வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கியவர். வெளியூர்க்காரர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், நடைபாதையில் இருப்பவர்கள் பிழைப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியே அங்கே இருக்கிறார்கள், பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்று பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அதே தீர்ப்பு உரிய அறிவிப்பு கொடுத்து அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

"அரசு கட்டிக்கொடுத்த வீட்டுக்கே போக மாட்டேன் என்கிறார்கள்" என்பது இன்னொன்று. நகருக்கு வெளியே ராஜாக்கூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டினார்கள். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவருக்கு வேலை நள்ளிரவில் லாரி வரும்போது தொடங்குகிறது. அவர் எந்த வண்டியில் வருவார்? பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது நல்ல விஷயம்தான். பஸ்ஸே ஓடாத நேரத்தில் டிக்கெட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? குடிசை மாற்று வாரியத்தின் வீட்டுக்குப் பயனாளியின் பங்குத்தொகை என்று ஒன்று இருக்கிறது, அதையும் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்று வாசகம் வைத்தார்கள். 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஏழை சிரிக்கிறாரோ இல்லையோ, ஊருக்கு வெளியே போய்ச் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இது ஏதோ மாநகராட்சி போடும் பிச்சை என்பதுபோல் பேசுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லட்சம் பேருக்கு ஒரு விடுதி, வருடம் முழுக்க இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010இல் போட்ட உத்தரவு. 2011 கணக்கெடுப்பிலேயே மதுரை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. பத்து விடுதியாவது வேண்டும். நம் பகுதிக்கு வருவது அதில் ஒன்று. ஒன்றே ஒன்று! அதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? தெருவில் இருந்தவர்களை எல்லா ஊர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும்தான் தங்கவைத்தார்கள். மூன்று வேளைச் சோறு போட்டார்கள். அப்போது எந்தச் சங்கமும் மனு கொடுக்கவில்லை. அவர்கள் வெளியே திரிந்தால் நோய் நமக்கு வந்துவிடும் என்ற பயம் இருந்தது. பயம் போனதும் கதவையும் பூட்டிவிட்டோம்.

சித்திரைத் திருவிழாவையும் சொல்கிறேன். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவில் வைகைக்கரை முழுக்க, தல்லாகுளம் முழுக்க, தெருத்தெருவாகச் சனம் படுத்துக் கிடக்கிறது. நம் சங்கமே பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுகிறது. குழந்தைகளைத் தாண்டித் தாண்டி நடந்துபோகிறோம், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அடுத்த வாரம் அதே இடத்தில் படுக்கும் மனிதர் ஆக்கிரமிப்பாளராகிவிடுகிறார். 1921இல் காந்தி மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறியது இதே ஊர் மேலமாசி வீதியில்தான். விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோம். அந்தப் பக்கம் இரவில் அரைவேட்டியோடு படுக்க வருகிறவருக்கு, படியில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும் கடைகளும் இருக்கின்றன.

நாட்டில் வீடே போதவில்லையா என்றால் அதுவும் இல்லை. 2011 கணக்கில் நகரங்களில் மட்டும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசின் நிபுணர் குழு, நகரங்களில் ஒரு கோடியே எண்பத்தெட்டு லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்க்காரர்களுக்கும் வேண்டியவை. நம் தெருவிலேயே பூட்டிய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். வாடகைக்கு விட்டால் ஆட்கள் கெடுத்துவிடுவார்களாம். பூட்டி வைத்திருக்கும் வீட்டில் எலி குடியிருக்கலாம், தவறில்லை.

வாடகைக்கு இருப்பவள் பேசக் கூடாது என்றீர்களே, பேசத்தான் போகிறேன். கணவர் இறந்த பிறகு நான் இந்த ஊரில் வீடு தேடினேன். டு-லெட் பலகையைப் பார்த்துக் கூப்பிட்டால் முதல் கேள்வி, "சார் என்ன வேலை பார்க்கிறார்?" சார் இல்லை என்றதும் குரல் மாறும். அடுத்து, "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு?" தெருவை ஏன் கேட்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தெருவைச் சொன்னதும், "மகன் வருகிறான், வீட்டை விடுவதாக இல்லை" என்பார்கள். பலகை மட்டும் மாதக்கணக்கில் தொங்கும். ஒரு வீட்டம்மா, "தனியாக இருக்கும் பெண், யார் யார் வந்து போவார்களோ" என்று என் மகளை வைத்துக்கொண்டே சொன்னார். ஒத்திக்குப் போகலாம் என்றால் லட்சங்களில் பேசினார்கள். மின்சாரத்தில் அரசு தரும் முதல் நூறு யூனிட் சலுகை உரிமையாளருக்கு, யூனிட்டுக்குப் பத்து ரூபாய் எனக்கு.

சட்டம் இருக்கிறதே என்று யாராவது வருவீர்கள். இருக்கிறது. 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய. அந்த 'ஒழிய'வுக்குள்தான் நாங்கள் எல்லோரும் குடியிருக்கிறோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு புரோக்கர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு வீடு வேண்டுமா, பத்திரம் வேண்டுமா?" என்றார்.

எனக்கு மாதச் சம்பளம் இருந்தது, அட்வான்ஸுக்குத் தம்பி பணம் கொடுத்தான். அந்த அக்காவுக்குத் தம்பி இல்லை. எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் சிரிக்கும் பொம்மை போட்டது என்னைப் பார்த்து என்று நினைத்திருப்பீர்கள். என் மகளும் அந்தக் குழுவைப் படிக்கிறாள்.

"விடுதி மட்டும் தீர்வாகுமா?" என்று அறிவார்ந்த கேள்வி ஒன்றும் வந்தது. ஆகாது. வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கூலிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் அரசே அறைகள் கட்ட வேண்டும். அதற்கு நீங்கள் மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதுவரை விடுதி வேண்டும். மழைக்காலம் உங்கள் தீர்வுக்காகக் காத்திருக்காது.

சங்கக் கூட்டம் வரும் ஞாயிறு பத்து மணிக்கு. நான் வருகிறேன். பேச விடாவிட்டால் கூட்டக் குறிப்பில் அதையாவது எழுதச் சொல்வேன்.

கடைசியாக, என் வீட்டு உரிமையாளருக்கு. இதையும் படிப்பீர்கள் என்று தெரியும். மனுவில் உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். வாடகை வழக்கம்போல ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். இந்தப் பதிவுக்காகக் காலி செய்யச் சொல்வதென்றால் ஏப்ரல் வரை அவகாசம் கொடுங்கள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருக்கிறது.