இலை தழை ஃபெலோஷிப்

வியாழக்கிழமை ஜூம் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு, அதாவது மேல்படிப்பு முடித்து நோயாளிகளைப் பார்த்து மருந்தும் எழுதித்தரும் என்னைப் போன்ற நர்ஸ்களுக்கு, மூலிகை, அக்குபங்சர், யோகா பற்றியும் சொல்லித்தரும் ஒரு வருஷ மேற்பயிற்சி (ஃபெலோஷிப்) பற்றிப் பேச்சு வந்தது. “இலை தழை ஃபெலோஷிப்புக்கு ஒரு வருஷமா?” என்று ஒருவர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் குடும்ப மருத்துவராக, டாக்டர் படிப்புக்கு மேல் 3 வருஷம் ரெசிடென்சி, அதாவது மூத்தவர்கள் மேற்பார்வையில் வேலைப் பயிற்சி. நர்ஸ் பிராக்டிஷனருக்கோ நோயாளிகளோடு 500 மணி நேரப் பயிற்சி என்பதே வெகுகாலம் குறைந்தபட்சக் கணக்கு. 2022-இல்தான் 750 என்றார்கள். அப்புறம் நேராக வேலை. புதிதாக வருபவர் பக்கத்தில் ஒரு வருஷம் யாராவது நிற்கட்டும் என்று 2007-இல் கனெக்டிகட்டில் ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்கவில்லை. சேர்ந்த இரண்டாவது மாதம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் ஒரு அம்மா. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கு மேல் இருக்க வேண்டும், 1.4-ஐத் தாண்டவில்லை. டோஸை ஏற்றினேன். மறுபடி ஏற்றினேன். “மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?” என்று குற்றவாளியை விசாரிப்பதுபோலக் கேட்டேன். மூன்றாம் முறை, கண்ணாடி தேடிக் கைப்பையைக் கவிழ்த்தார். ஒரு பாட்டில் உருண்டது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை! மனச்சோர்வுக்காகத் தானே வாங்கியது. கல்லீரலைத் தூண்டி வார்ஃபரினை வேகமாகக் கழித்துவிடும் சாமான். “இது மருந்தில்லையே, செடிதானே” என்றார். நான் ஏற்றிவைத்த டோஸோடு அதை அவர் சட்டென்று நிறுத்தியிருந்தால் ரத்தக்கசிவில் போய் முடிந்திருக்கும்.

இலை தழையை எழுதிக்கொடுக்க இல்லை ஐயா, அதைப் பற்றிக் கேட்கப் பழகத்தான் அந்த ஒரு வருஷம்.

“ஃபெலோஷிப் செய்யாதவர்கள் அரைகுறையா?” என்பீர்கள். நானே செய்யாதவள், யாரைச் சொல்வேன்? சம்பளம் குறைவா? ஆமாம், குறைவு. “இதில் பாதிக்கு ஆதாரமே இல்லையே?” சிலதுக்கு இல்லைதான். ஆனால் நாள்பட்ட முதுகுவலிக்கு மாத்திரைக்கு முன் அக்குபங்சர், யோகா முயலலாம் என்று 2017-இல் சொன்னது அமெரிக்க உள்மருத்துவ நிபுணர்களின் அமைப்பு. ஏதோ சாமியார் மடம் இல்லை. எது ஆதாரம், எது விளம்பரம் என்று பிரிக்கவும் ஒருவர் சொல்லித்தர வேண்டாமா?

“பாதி டாக்டர்” என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது. கூட இருந்தவர்கள் சிரித்தது மட்டும் இன்னும் மரக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவர்தான் போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடும் தன் அம்மாவுக்கு மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். எழுந்து உட்கார்ந்து பதில் எழுதினேன்.