லாஸ் பூஜ்யமாம், டிக்கெட்டை மூடிவிட்டார்களாம்!

எங்கள் இரு முனைகளை இணைக்கும் ஈதர்நெட் லிங்க்கில் பிரேம்கள், அதாவது டேட்டாப் பொட்டலங்கள், தொலைகின்றன என்று புகார் டிக்கெட் போட்டால், லிங்க் தரும் நிறுவனத்திடமிருந்து மறுபடியும் அதே பதில். "எங்கள் பக்கம் பிரேம் லாஸ் 0.00 சதவீதம், டிக்கெட்டை மூடுகிறோம்." கூடவே பச்சைக் கோடு ஓடும் ஒரு கிராஃப். இங்கே ஃபோன் கால் விட்டு விட்டுக் கேட்கிறது. இரவு ஓட வேண்டிய பேக்கப் விடிந்தும் முடியவில்லை. இரண்டு முனையிலும் உள்ள எங்கள் சுவிட்ச்களில் பிரேம்களை எண்ணும் கவுண்டர்களைக் கழித்துப் பார்த்தால், பிரேம்கள் நடுவழியில் காணாமல் போயிருப்பது பளிச்சென்று தெரிகிறது.

ஐயா, நீங்கள் அளந்தது எதை? முதலில் அதைச் சொல்லுங்கள்.

என் பிரேம்களை இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஈதர்நெட் சேவையை அளப்பதற்கான ஒய்.1731 என்ற சர்வதேசத் தரத்தில் எஸ்எல்எம் என்று ஒரு முறை உண்டு. ஒரு முனை செயற்கையாக ஒரு பிரேமை அனுப்பும், எதிர்முனை பதில் தரும், போனது எத்தனை, வந்தது எத்தனை என்று எண்ணுவார்கள். மாதிரி எடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் விநாடிக்கு ஒன்று அனுப்பினால் 15 நிமிடத்துக்கு 900 பிரேம். அதில் ஒன்றே ஒன்று தொலைந்தாலும் 0.11 சதவீதம். ஒப்பந்தம் அனுமதிக்கும் லாஸோ 0.01! லாரி எடைமேடையில் மூக்குத்தியை நிறுத்துவிட்டு, எடையே இல்லை என்று சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை, அந்த அளவீட்டு பிரேம் போகிற வரிசை. 64 பைட் குட்டி பிரேம், மேல் முன்னுரிமை க்யூவில் சொகுசாகப் போகிறது. எங்கள் டேட்டா 1500 பைட்டைச் சுமந்துகொண்டு கடைசி க்யூவில் நிற்கிறது. நெரிசலில் நிரம்பி வழிவது எந்த க்யூ? மேல் க்யூவில் லாஸ் இல்லை என்பது எனக்கும் தெரியும், நான் கேட்டது கீழ் க்யூவை! ஒவ்வொரு முன்னுரிமை வகுப்புக்கும் தனித்தனியாக அளக்கத் தரத்திலேயே வழி இருக்கிறது. செய்ய மனம்தான் இல்லை.

அப்புறம் பாலிசர், ஒப்பந்த வேகத்தைத் தாண்டும் பிரேம்களை வெட்டும் காவலாளி. 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் சேவை. சராசரி பாதிகூட இருக்காது, ஆனால் சில மில்லிவிநாடி முழு வேகத்தில் ஒரு பர்ஸ்ட், ஒரு திடீர் வெள்ளம், வரும். பர்ஸ்டுக்கு விட்ட இடம் சின்னதாக இருந்தால் பாலிசர் வெட்டித் தள்ளிவிடும். கேட்டால், "அது ஒப்பந்த அளவைத் தாண்டிய பிரேம், லாஸ் கணக்கில் சேராது." சரி, சேராது, ஒத்துக்கொள்கிறேன். வெட்டிய பிரேம்களின் கவுண்டரையாவது காட்டலாமே? அதுவும் கிடையாது.

உண்மையான பிரேம்களையே எண்ணுகிற எல்எம்எம் முறையும் அதே தரத்தில்தான் இருக்கிறது. இரண்டு முனை கவுண்டர்களையும் ஒப்பிடும் எளிய வேலை. இரு முனை சேவைக்குத்தான் சரிப்படும், லிங்க்குகளைக் கட்டாகக் கட்டிய இடத்தில் எண்ணிக்கை முன்பின்னாகி மைனஸில்கூட லாஸ் காட்டும், எல்லாம் வாஸ்தவம். ஆனால் எங்களுடையது இரு முனை சேவைதானே! அதைக் கேட்டால் ஃபோனில் ஒரு நீண்ட மௌனம்.

இதோடு சராசரி என்ற சலவை இயந்திரம் வேறு. இரண்டு விநாடி மொத்தமாக அறுந்தால் 15 நிமிடக் கணக்கில் 0.22 சதவீதம். ஒரு நாள் கணக்கில் 0.0023. மாத அறிக்கையில் சுத்தமாகக் காணோம். லிங்க் நீண்ட நேரம் செத்துக் கிடந்தால் இன்னும் விசேஷம்: தொடர்ந்து அதிக லாஸ் வந்த இடைவெளிகளைச் சேவை இல்லாத நேரம் என்று பிரித்து, லாஸ் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம். கொஞ்சம் தொலைத்தால் குற்றம், மொத்தமாகத் தொலைத்தால் வேறு இலாகா!

"0.1 சதவீதம்தானே சார்" என்கிறார்கள். போய்த் திரும்ப 50 மில்லிவிநாடி (ஆர்டிடி) ஆகும் பாதையில் 0.1 சதவீத லாஸ் இருந்தால், லாஸ் கண்டால் வேகத்தைக் குறைக்கும் பழைய பாணி டிசிபி இணைப்பு ஒன்று சுமார் 9 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டத் திணறும். லிங்க் எத்தனை பெரிதாக இருந்தால் என்ன?

ரொம்பக் கத்தினால் நள்ளிரவில் லிங்க்கை நிறுத்தி ஆர்எஃப்சி 2544 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் உள்ள சோதனையைப் போடுகிறார்கள். 1999-இல் ஆய்வகத்தில் கருவிகளைச் சோதிக்க எழுதிய முறை அது. ஓடுகிற நெட்வொர்க்கில் போடாதீர்கள் என்று 2012-இல் ஆர்எஃப்சி 6815 தனியாகவே சொன்னது. பர்ஸ்ட் இல்லாத சீரான ஓட்டம், பக்கத்தில் எங்கள் டிராஃபிக்கும் கிடையாது. பாஸ் ஆகாமல் என்ன செய்யும்?

இந்தத் தடவை விடவில்லை, இழப்பீடு கேட்டு எழுதினேன். படிவம் வந்தது. லாஸுக்கு ஆதாரமாக அவர்கள் ஏற்பது ஒன்றே ஒன்றுதானாம்: அவர்களுடைய கிராஃப்.