எகிப்தியர்களுக்கே எகிப்து பழசு!
எகிப்து அரசி கிளியோபாட்ராவின் காலத்துக்கு, கீசாவின் பெரிய பிரமிடு கட்டியதைவிட, மனிதன் நிலவில் இறங்கிய 1969தான் நெருக்கம் என்று உங்கள் கட்டுரையில் படித்ததும் அசந்துவிட்டேன். கணக்குப் போட்டாலும் சரியாகத்தான் வருகிறது: அந்தப் பக்கம் ஏறத்தாழ 2,500 ஆண்டு, இந்தப் பக்கம் 2,000.

இதோடு இன்னொன்றும் சேர்த்திருக்கலாம். கிளியோபாட்ராவுக்கு ஏறத்தாழ 1,200 ஆண்டு முன்பே, எகிப்து மன்னர் இரண்டாம் ராம்செஸின் மகன் காஎம்வாசெத், சக்காரா என்ற பழைய இடுகாட்டுப் பகுதியில் சிதைந்து கிடந்த பழைய நினைவுச் சின்னங்களைத் தேடித்தேடிச் சீர்படுத்தியிருக்கிறார். உனாஸ் மன்னரின் பிரமிடில் பெயரே காணோம் என்று, அதன் தெற்கு முகத்தில் கல்வெட்டு பொறித்து வைத்தார். அப்போதே அந்தப் பிரமிடுக்கு வயது 1,000-க்கு மேல்! அடுத்தவர் பெயர் அழிந்துவிடக் கூடாது என்று மெனக்கெட்ட இந்த இளவரசரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுங்கள், ஆசையாகக் காத்திருக்கிறேன்.