வைத்தவன் இல்லாமல் காட்டில் பொறி கிடையாது

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதையையும் அதில் வரும் ஆபத்தையும் சொல்லி நடத்துகிற டிஎம் நான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நான் வைத்த டிராப்பில், அதாவது பொறியில், என்ன நடந்தது என்பது குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்புறம் வாட்ஸ்அப்பில் என்ன ஓடியது என்பதும் தெரியும். "கண்டுபிடிக்க டைஸ்கூட உருட்ட விடாமல் கேரக்டரின் காலை நசுக்கிவிட்டார், இது ஏமாற்று" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். காட்டில் ஒரு டிராப் இருந்தால் அதை யாரோ ஒரு ஆள் வைத்திருக்கிறார். ஏதோ ஒரு காரணத்துக்காக வைத்திருக்கிறார். வைத்த அடையாளம் அங்கேயே இருக்கும். இந்த மூன்றும் இல்லாத டிராப்பை நான் எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வைத்ததில் மூன்றும் இருந்தன.

வராதவர்களுக்காக, மேசையில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மலைச்சரிவில் அறுப்புக்கு நிற்கும் சாமைக் கொல்லை. சுற்றிலும் முள்வேலி. வேலியில் ஒரே ஒரு சந்து. சந்துக்கு மேல் கட்டில் அகலத்துக்கு ஒரு பலகைக்கல் சாய்ந்து நிற்கிறது, அதன்மேல் தழை போட்டிருக்கிறது. போட்ட தழை வாடியிருக்கிறது. சேற்றில் பன்றிக் குளம்படி சந்துவரை வந்து, அப்படியே திரும்பிப் போயிருக்கிறது. கல்லுக்கு அடியில் கிழங்குத் துண்டுகள். இத்தனையும் சொன்னேன், நிதானமாகச் சொன்னேன். "ஓடிப்போய் அந்தப் பக்கம் குதிக்கிறேன்" என்றார் ரோக், அதாவது பதுங்கித் திருடும் கேரக்டரை, ஆடியவர். "அந்தச் சந்து வழியாகவா?" என்று கேட்டேன். "ஆமா" என்றார். கல் விழுந்தது. விழும்போது டெக்ஸ்டெரிட்டி சேவ், அதாவது சட்டென்று விலகித் தப்பிக்கும் டைஸ், உருட்டச் சொன்னேன், 4தான் விழுந்தது. இதை மட்டும் குழுவில் யாரும் எழுதவில்லை.

பெர்செப்ஷன், அதாவது மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் டைஸ், உருட்ட விடவில்லை என்கிறார்கள். எதைக் கண்டுபிடிக்க உருட்டுவது? எல்லாவற்றையும்தான் சொல்லிவிட்டேனே. நடந்து போகும்போதே கண்ணில் படுகிற விஷயத்துக்குத்தான் பாஸிவ் பெர்செப்ஷன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: 10, அதோடு கேரக்டரின் கூட்டெண். கட்டில் அளவு கல் கண்ணில் படாத கேரக்டர் அந்தக் குழுவில் யாரும் இல்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில்தான் டைஸ். தெரிந்த பொருளை என்ன செய்வது என்று பிளேயர்தான் யோசிக்க வேண்டும். நான் வேண்டுமென்றே ஒளித்து வைத்து, 15க்கு மேல் உருட்டினால்தான் சொல்வேன் என்று உட்கார்ந்திருந்தால் அதை நியாயம் என்பார்களாம். வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னால் ஏமாற்றாம்.

டிராப் என்றால் ஒளிந்துதான் இருக்க வேண்டும் என்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட இந்த விளையாட்டின் பெயரிலேயே டன்ஜன் இருக்கிறது. பாதாளம், கல்லறை, பூட்டிய அறை. அங்கே சுவரிலிருந்து அம்பு வரலாம், தரை பிளந்து கொள்ளலாம். கட்டியவன் செத்து ஆயிரம் வருஷம் ஆகியிருந்தாலும் கல்லும் இரும்பும் மிச்சம் இருக்கும் என்று நம்பிக்கொள்ளலாம். அதே அம்பையும் குழியையும் தூக்கி வந்து மரத்துக்கு நடுவில் வைத்துவிட்டு "ஃபாரஸ்ட் டிராப்" என்றால் என்னால் ஏற்க முடியாது. காட்டில் கயிறு இற்றுப்போகும். முட்டுக்கொம்பைக் கரையான் தின்றுவிடும். வளைத்துக் கட்டிய மூங்கிலை அப்படியே விட்டால் அதன் விசை தளர்ந்துபோகும். குழி வெட்டினால் வெட்டிய மண் எங்கே? நம் மலையில் ஒரு முழம் தோண்டினாலே பாறை இடிக்கும் இடங்கள் எத்தனை இருக்கின்றன!

ஆகவே, வேலை செய்யும் நிலையில் ஒரு பொறி காட்டில் இருந்தால் அதை வைத்தவர் பக்கத்தில்தான் இருக்கிறார். அடிக்கடி வந்து பார்க்கிறார். வராவிட்டால் விழுந்த பன்றி நாறிப்போகும், இல்லை சிறுத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். இது தெரிந்த பிளேயருக்கு அந்த இடத்தில் எத்தனை வழி திறக்கிறது பாருங்கள். மறைந்து உட்கார்ந்து வைத்தவருக்காகக் காத்திருக்கலாம். கல்லைத் தாங்களே விழவைத்துவிட்டு, சத்தம் கேட்டு யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். தங்களைத் துரத்தி வருகிறவர்களை அந்தச் சந்து வழியாக இழுக்கலாம். கொல்லைக்காரரிடம் போய் வழி கேட்கலாம். சுவரிலிருந்து வரும் அம்பில் இது எதுவும் கிடையாது. உருட்டு, பிழை, அல்லது செத்துப்போ, அவ்வளவுதான்.

"கல்லை இப்படி நிறுத்திப் பன்றி பிடிப்பார்களா, கற்பனைக்கும் ஒரு அளவு வேண்டாமா" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இது கற்பனை இல்லை ஐயா. சங்க இலக்கியத்தில் இதற்கு அடார் என்று பெயர். நற்றிணை 119ஆம் பாட்டில், தினை தின்ன வரும் பன்றிக்காகப் புனத்துக்காரர் சிறிய பொறியில் பெரிய கல்லை மாட்டி வைக்கிறார். விழுவது புலி. வைத்தது ஒன்றுக்கு, மாட்டியது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை நம் மேசையில் நடந்தது இதைவிட வேறா?

மலைபடுகடாம் இன்னும் நெருக்கம். அதன் தலைவன் நன்னன், செங்கண்மாவை ஆண்டவன். இன்றைய செங்கம்தான் அது. 1989இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை நம் வட ஆற்காட்டில் இருந்த ஊர், ஜவ்வாது மலையின் அடிவாரம். 583 அடிப் பாட்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர், எதிரே வரும் கூத்தரிடம் மலைவழியில் எங்கெங்கே என்ன ஆபத்து என்று சொல்லிக்கொண்டே போகிறார். பன்றிக்குப் பயந்து சந்துதோறும் கல்பொறி மாட்டியிருக்கிறார்கள், இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறார். பாசி படிந்து கால் வழுக்கும் இடம் உண்டு, மூங்கிலையும் கோரையையும் பிடித்துக்கொண்டு கடந்துபோங்கள் என்கிறார். யானையை விரட்டப் பரணிலிருந்து கவண்கல் எறிவார்கள், கவனம் என்கிறார். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து போடச் சொல்கிறார். ஒரு டிஎம் செய்ய வேண்டிய வேலை முழுக்க இதில் இருக்கிறது. ஆபத்து எங்கே, யார் வைத்தது, ஏன், எப்படித் தப்புவது, எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியாயிற்று. சொன்ன பிறகும் அந்தப் பாட்டில் பயம் குறையவில்லை.

எனக்கு இதெல்லாம் முதலில் புத்தகத்தில் தெரியவில்லை. ஒடுகத்தூர்ப் பக்கம் அம்மாவின் ஊர். கோடை விடுமுறையில் தாத்தாவோடு கொல்லைக்குப் போவேன். ஒருநாள் வேலிச்சந்தில் பக்கத்து வீட்டு நாய் சுருக்குக் கம்பியில் மாட்டிக் கிடந்தது. பன்றிக்காக எவரோ ராத்திரியில் கட்டியது. கம்பி இடுப்பில் இறுகி, அது திமிறத் திமிற இன்னும் உள்ளே போயிருந்தது. தாத்தா நாயின் முகத்தில் துண்டைப் போட்டு மூடி, முழங்காலால் அமுக்கிக்கொண்டு கம்பியைத் தளர்த்தினார். எடுத்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினார். "குச்சியப் பாருடா. சுத்தி எல்லாம் பச்சையா கீது, இது மட்டும் காஞ்சி கீது பாரு. அப்ப இது இங்க மொளைச்சதில்ல." உண்ணிச்செடிக்கு நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கொம்பு, நுனியில் கத்தி வெட்டின சாய்வு. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுருக்கு வைப்பது குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இருக்கிறது, இன்றும் இதில் மாட்டிச் சாகும் உயிர்கள் உண்டு. நான் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் எழுதும் ஒவ்வொரு டிராப்பிலும் அந்தக் காய்ந்த குச்சி மாதிரி ஒன்று இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாடின தழை என்று நான் சொன்னது அதுதான்.

"இது ஃபேன்டஸி, மந்திரம் இருக்கும் உலகம், தர்க்கம் எதற்கு" என்பார்கள். மந்திரம் இருக்கட்டும். காட்டைக் காக்கும் தேவதை பூனைக்காலிக் கொடியை வளர்த்து வழியை அடைக்கட்டும். கால் வைத்தவுடன் சுணை பறந்து உடம்பெல்லாம் அரிக்கட்டும். பாறையில் தொங்கும் பெருந்தேன் கூட்டை ஒரு சூனியக்காரி காவலுக்கு வைத்திருக்கட்டும். புகை போட்டாலோ கல் எறிந்தாலோ அவ்வளவு ஈயும் இறங்கி வரட்டும். அப்போதும் அவளுக்கு ஒரு காரணம் வேண்டும், கீழே தேன்சொட்டு கிடக்க வேண்டும், ரீங்காரம் முன்னாலேயே காதில் விழ வேண்டும். மந்திரம் வந்துவிட்டால் காரணம் தேவையில்லை என்று எந்த விதிப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

புதிதாக ஆட வந்தவர், பாவம் என்கிறார்கள். சரி. கால்தான் மாட்டியது, உயிர் போகவில்லை, அடுத்த காட்சியில் கொல்லைக்காரப் பாட்டியே வந்து தூக்கிவிடுவதாக எழுதி வைத்திருந்தேன். அதற்குள் எழுந்து போய்விட்டார்கள்.

உண்மையில் என்னை உறுத்துவது வேறு. "சாமை, பன்றி, வேலி எல்லாம் ஒரு ஃபேன்டஸியா, ஊர்க்கதை மாதிரி இருக்கிறது" என்று எழுதினார்களே, அது. ஓக் மரம், பனி, ஓநாய் என்று எழுதியிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலூரில் பிறந்து வளர்ந்து பனியைக் கண்ணால் பார்க்காதவர்கள் பனிக்காட்டில் மணிக்கணக்கில் ஆடினோம், நானும் ஆடினேன், மனசார ஆடினேன். நம் மலை என்று வந்தவுடன் அது ஊர்க்கதை ஆகிவிடுகிறது. அமிர்திக்குப் போனால் விலங்குக் காட்சிசாலையைப் பார்த்துவிட்டு, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வருகிறோம். அதற்கு மேல் ஏறி, சருகு மிதிக்கிற சத்தம் சித்திரை வெயிலில் எவ்வளவு தூரம் கேட்கும் என்று நின்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? அந்தச் சருகில் எந்த ரோக்காலும் சத்தமில்லாமல் நடக்க முடியாது. மலைமேல் மழை பெய்தால் கீழே காய்ந்து கிடக்கும் காட்டாற்றில் திடீரென்று தண்ணீர் வரும். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் தண்ணீர் கலங்கி வரும், சுள்ளி மிதந்து வரும், அப்புறம்தான் வெள்ளம். அதுவும் ஏமாற்று என்பீர்களோ என்று இப்போது எழுதவே கை தயங்குகிறது.

சரிவு எப்படி இருக்கும், எந்த இடத்தில் வேலி போடுவார்கள் என்று பார்க்க ஜவ்வாது மலைக்கு என்னோடு பைக்கில் வந்த நண்பரும் அந்தச் சிரிப்புப் பொம்மையைப் போட்டிருந்தார். கொல்லை ஓரத்தில் உட்கார்ந்து கல்லின் அளவை என் நோட்டில் வரைந்தது அவர் கைதான். அவருக்கு இதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

ஆட்டம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். நீளம் என்று சொல்லுங்கள், வர்ணனை அதிகம் என்று சொல்லுங்கள், அடுத்த முறை சுருக்குகிறேன். குழுவில் போட்ட எதையும் அழிக்கச் சொல்லவில்லை. ஏமாற்று என்று சொன்னதை மட்டும், சொன்னவர் அதே குழுவில் திரும்பப் பெற வேண்டும்.