சுரூபத்தை அல்ல, பேழையைப் பாருங்கள்

புனித அன்னாள் திருநாளான ஜூலை 26 நெருங்கினால் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் கால் வைக்க இடமிருக்காது. இந்துக்கள், சீனர்கள் என்று எல்லாரும் மெழுகுவர்த்தியோடு வருவார்கள். அதைப் பார்த்துவிட்டு, "கத்தோலிக்கர்னா மாதாவையும் புனிதர்களையும் கும்பிடுறவங்கதானே" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஆட்களே நேராகச் சுரூபத்திடம் போய்த் தொட்டு முத்திவிட்டு, நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வைத்திருக்கும் பேழைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் வெளியே வந்தால் பார்க்கிறவர் வேறென்ன நினைப்பார்?

மாதாவிடமும் புனிதர்களிடமும் நாம் கேட்பது, எங்களுக்காகக் கடவுளிடம் மன்றாடுங்கள் என்றுதான். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவரைச் சேரும். 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் முடித்துவைத்த விவகாரம் இது. சுரூபத்தின் முன் தலை வணங்கினால் போதும். பேழையின் முன் வலது முழங்கால் தரையில் பட வேண்டும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது என்று அர்த்தம். பெரிய வெள்ளியன்று அந்தப் பேழை காலியாக இருக்கும். உலகில் எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் அன்று பூசை (திருப்பலி) கிடையாது.

மூவொரு கடவுள், உயிர்த்தெழுதல் எல்லாம் மற்ற சபைகளுக்கும் பொது. போப்பாண்டவரின் அதிகாரம் நமக்கே உரியது, சரி. ஆனால் ஒரு கத்தோலிக்கரின் வாரத்தை நடத்துவது நற்கருணைதான். அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். அரிசி மாவில் செய்தால் செல்லாது. இரசம் திராட்சையிலிருந்தே வர வேண்டும். குருவானவர் இயேசுவின் வார்த்தைகளைச் சொன்னபின் நிறமும் சுவையும் அப்படியே இருக்க, அது கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகிவிடுகிறது என்பது நம் விசுவாசம். வெறும் நினைவுச் சின்னம் என்று நினைத்தால் இத்தனை கெடுபிடி எதற்கு என்றுதான் தோன்றும்.

கெடுபிடி இதுதான்: நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, தே தாரிக் (பால் தேநீர்) எதுவும் கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. சாவான பாவம், அதாவது கனமான பாவம், இருந்தால் முதலில் குருவிடம் பாவசங்கீர்த்தனம். கையில் வாங்குகிறவர் இடது உள்ளங்கையை மேலே வைத்து, "ஆமென்" சொல்லி, அங்கேயே நின்று வலது கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும்.

சிக்கல் கல்யாணப் பூசைகளில்தான். வேற்று மத விருந்தினர்கள் நற்கருணையைப் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் நின்று வாங்கி, வீட்டிலிருக்கும் பாட்டிக்கென்று பையில் வைத்துவிடுகிறார்கள். நற்கருணை கொடுப்பவர் பின்னாலேயே ஓடிவந்து கேட்டால் அவமானப்படுத்திவிட்டார் என்று மனத்தாங்கல். தப்பு வந்தவர்மேல் இல்லை, முன்கூட்டியே சொல்லாத நம்மேல். நண்பர்களை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வாங்காமல் உட்கார்ந்தே இருக்கலாம். ஆசீர் தரும் வழக்கமுள்ள கோயிலென்றால் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு போகலாம்.

மாப்பிள்ளையோ பெண்ணோ இந்து என்றால் பொதுவாகப் பூசையில்லாமல், விவிலிய வாசகமும் செபமும் கொண்ட இறைவாக்கு வழிபாட்டோடுதான் திருமணம் நடக்கும். சம்பந்தி வீட்டைக் குறைத்து மதிப்பதாக நினைக்க வேண்டாம். மணமக்களில் ஒருவர் நற்கருணை வாங்க, மற்றவர் சும்மா நிற்பது அந்த நாளில் நன்றாகவா இருக்கும்? ஆனால் இப்படிக் கல்யாணம் செய்ய ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சபையின் கணக்கில் அந்தத் திருமணம் செல்லாது. அதற்கு நாளாகும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஃபாதரைப் போய்ப் பாருங்கள்.