மச்சத்தைச் சுற்றிச் சிவந்தால் புற்றுநோயா?

'எக்சிமா (தோல் சிவந்து அரிக்கும் அழற்சி) உள்ள பிள்ளையின் மச்சத்தைச் சுற்றிச் சிவந்தால் அது புற்றுநோய், உடனே வெட்டி எடுங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. பழுப்பு மச்சத்தைச் சுற்றி வளையமாகச் சிவந்து, அரித்து, மெல்லிய செதில் உதிர்வதற்கு மேயர்சன் நிகழ்வு என்று பெயர். 1971-லேயே மருத்துவ இதழில் பதிவானது. மச்சத்தின் மேல் வரும் எக்சிமாதான் அது, பெரும்பாலும் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பிலேயே அடங்கிவிடும், மச்சம் அப்படியே இருக்கும். டெர்ம்நெட் என்ற தோல் மருத்துவத் தளத்தில் படத்தோடு பார்க்கலாம். சிறுவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மிக அரிது. அதற்காக அலட்சியமும் வேண்டாம்: சிவப்பு அடங்கிய பிறகும் மச்சம் வேகமாக வளர்ந்தாலோ, நிறமோ வடிவமோ மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பயந்துபோய் வீட்டிலேயே மச்சத்தைச் சுரண்டுவது, சுடுவது மட்டும் கூடவே கூடாது. அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.